பதினொரு மணிக் காற்று

எழுபதுகளின் கடைசியில் ஒரு சாரல் மாதம். டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஹெலிகாப்டரில் வருகிறார் என்று, இலத்தூர் பக்கம் ஒரு தரிசு நிலத்தை எங்கள் அலுவலகம் தயார் செய்தது. நான் அங்கே குமாஸ்தா.

விமானி இரண்டு நாள் முன்பே ஜீப்பில் வந்து இடத்தைக் காலால் அளந்து பார்த்தார். மலை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று அவருக்குக் கவலை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அதைவிடப் பெரிய கவலை. குறுக்கே போன மின்கம்பியைக் கழற்றச் சொன்னார். நடுவில் சுண்ணாம்பால் வட்டம் போடவும், இறங்கும் நேரத்தில் காற்றின் திசை தெரியப் புகை மூட்டவும் சொன்னார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இறங்குவதா, பதினொரு மணிக்கா என்பதைக் காற்றையும் மேகத்தையும் வைத்துத்தான் முடிவு செய்வாராம். மணிக்கு மணி பார்த்து எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மூங்கில் நுனியில் கிழிந்த வேட்டித் துணியைக் கட்டி நட்டேன். பக்கத்துத் தென்னந்தோப்பின் காவல்காரர் துணைக்கு நின்றார். காலையில் வானம் பளிச்சென்று இருந்தது, துணி சும்மா தொங்கியது. பத்து மணிக்கு மேல் படபடவென்று அடித்தது. இரண்டு நாளும் இதே கதைதான்.

"வெள்ளன வரச் சொல்லுங்க சார். பத்து மணிக்கு மேல இந்தக் காத்து ஆளையே நிக்க விடாது," என்றார் காவல்காரர்.

"சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்லா அண்ணாச்சி," என்றேன்.

ராகு காலம் பார் என்று யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. பால் காய்ச்சவும் பெண் பார்க்கவும் காலண்டரைப் புரட்டும் வீட்டில் வளர்ந்தவன், ஹெலிகாப்டருக்கும் புரட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமானி போனில் கேட்டபோது, ஒன்பது மணிக்கு மலையில் மேகம், பதினொரு மணிக்கு லேசான காற்று என்று வாசித்தேன். இரண்டும் பொய். அட பாவி, நாக்கு கூசவில்லையே எனக்கு!

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஹெலிகாப்டர் வந்தது. காவல்காரர் மூட்டிய புகை மேலே எழும்பவே இல்லை, தரையோடு படுத்து ஓடியது. தென்னை உயரத்துக்கு இறங்கியதைக் காற்று தோப்பைப் பார்த்துத் தள்ளியது. விமானி எப்படியோ மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் இறக்கினார்.

விமானி இறங்கி நேரே என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. உள்ளே நாலு உயிர் இருந்தது, காற்றைப் பார்த்து எழுதியது நீதானே என்று கேட்டார். என் மேலதிகாரியும் பக்கத்தில் நின்றார்.

"வாசிச்சது மட்டுந்தான் நான் சார். பாத்துச் சொன்னது இவரு," என்று காவல்காரரைக் காட்டினேன்.

காவல்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுத்திருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? விஷயம் காதுக்கு எட்டி, அடுத்த வாரமே தோப்புக்காரர் அவரை வேலையை விட்டு நிறுத்தினார். எனக்குத் தெரியும். போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

மறு வருஷச் சாரலுக்குக் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனேன். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையில் அந்தக் காவல்காரர் இருந்தார். நான் ஒதுங்குவதற்குள் கூப்பிட்டுவிட்டார். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து, கூலி எவ்வளவு என்று கேட்டேன். கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு குறையும் வைக்காமல் நிதானமாகத் தேய்த்தார். முடித்துவிட்டு அருவியைக் கை காட்டினார்.

"இன்னைக்கும் சனிக்கிழமைதான் சார். ராகு காலம் முடிஞ்சிட்டு, பயப்படாமப் போய்க் குளிங்க."