நாலாவது ஆளாக ஒரு கல்

காலை எட்டு மணி, ராயபுரம் ஸ்டேஷன். தை மாதத்து வியாழக்கிழமை. தம்பிக்குப் பெண் பார்க்க எண்ணூருக்குப் புறப்பட்டோம். ஏழு மைலுக்குக் கொஞ்சம் மேலே. டிக்கெட் ஆளுக்கு மூன்றணா. அப்பா, அத்தை, நான் என்று மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போவது எங்களில் ஆகாது. போக நேர்ந்தால் ஒரு கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். அதுதான் நாலாவது ஆள்.

அந்தக் கல்லைக் கொல்லையில் பொறுக்கிக் கழுவித் துடைத்துக் கொடுத்தவள் என் அக்கா. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவளும் அவள்தான். ஆனால் புருஷனை இழந்தவள், முன்னால் வரக் கூடாதாம். கல்லை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவர், "பாக்கெட்ல இன்னா சார், பணியாரமா?" என்றார். "இது எங்க நாலாவது ஆளுங்க" என்றேன். "அப்போ டிக்கெட்டு எடுத்தியா அதுக்கு?" என்று சிரித்தார்.

எட்டே முக்கால், திருவொற்றியூர். அத்தை கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குக் கொஞ்சம் குதர்க்க புத்தி. சாமிக்குக் கண் மூன்று, வில்வத்துக்கு இதழ் மூன்று, நெற்றியில் பட்டையும் மூன்று. நவக்கிரகத்தை ஒன்பது சுற்று, அம்மனுக்கு நூற்றெட்டுப் போற்றி. எண்ணி எண்ணித்தான் தெய்வத்திடம் போகிறோம். அந்த மூன்று, மனுஷரிடம் வந்ததும் ஏன் கெட்டுப்போகிறது? அத்தையிடமே கேட்டேன்.

"சாமிக்கு மூணு முழுசுடா. நமக்கு மூணுன்னா ஒரு ஆள் குறையுதுன்னு அர்த்தம்."

குறைகிற ஆள் யார் என்று கேட்க வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பத்து மணி, எண்ணூர். கழிமுகத்துக் காற்றில் உப்பும் இறால் வாடையும். பெண்ணின் தாய்மாமன் வரவேற்றுப் பாய் விரித்தார். காபி கொண்டுவந்த பெண்ணை எங்கள் மூவருக்கும் பிடித்துவிட்டது. தட்டு மாற்ற நாள் குறிக்கலாம் என்றார் அப்பா. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் அம்மா பேசினாள்.

"புள்ளைய வளத்த அக்கா வர்லியா? எம்பொண்ணு அவங்க கையிலதானே இருக்கப் போவுது?"

அத்தை தடுமாறினாள். "அவ புருஷன் இல்லாதவ. அதான்..."

"நானும் அப்டித்தாம்மா. அதான் எம்பொண்ணு காரியத்துக்கே உள்ள நின்னுகினு கீறேன். அவங்களக் கூட்டியாங்க. அவங்க வந்தா நானும் வெளிய வர்றேன். அப்பாலதான் நாள் குறிக்கிறதெல்லாம்."

சம்பந்தம் அந்தரத்தில் நின்றது. அப்பா தலை நிமிரவே இல்லை.

பகல் ஒன்றரை, மறுபடி எண்ணூர் ஸ்டேஷன். கழிமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை என்னிடம் கை நீட்டினாள். கல்லைக் கொடுத்தேன். தண்டவாளத்துச் சரளையில் வீசி எறிந்தாள். அத்தனை கற்களுக்கு நடுவில் அது எதுவென்று தெரியவில்லை.

"திரும்பிப் போறப்பவும் மூணு பேர்தானே, அத்தை?"

"நாலாவது ஆள் வீட்டுல காத்துக்கிட்டிருக்காடா."

மூன்று மணிக்கு வீடு. எங்கள் தெருவின் கரிப்புகையும் இரைச்சலும் காலையில் விட்டபடியே இருந்தன. அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"பொண்ணு எப்படிடா இருக்கா?"

"அடுத்த வியாழக்கிழமை நீயே வந்து பாரு."

அவள் நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எட்டு மணி வண்டிம்மா."