அரிசிச் சாக்கு எலியும் என் கூண்டு எலிகளும்

அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. விருந்துக்கு அரிசி அளக்க மதினி சாக்கைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஓர் எலி துள்ளிக் குதித்தது. சமையற்கட்டில் இருந்த பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. குனிந்து, வாலின் அடியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

"எம் மக எம்புட்டு லாவகமாப் பிடிச்சா பாத்தீகளா" என்றாள் அம்மா.

"எலி பிடிக்கத்தான் பெங்களூரு வரைக்கும் போனீகளாக்கும்" என்று மதினி சீண்டினாள். வத்தலக்குண்டுச் சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில்தான் என் கையைப் பார்த்தேன். வெறும் கை. உறை போடாத கை.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பது என் வேலை. அவை சாதாரண எலிகள் அல்ல. சொந்த நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும்படி மரபணுவை மாற்றியவை. பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை அவற்றுக்குச் செலுத்துவோம். சில மாதங்களில் அந்தச் சின்ன உடம்புக்குள் மனிதருடைய எதிர்ப்புச் சக்தி வளர்ந்துவிடும். மனிதர்களுக்குக் கொடுக்கப்போகும் மருந்தை முதலில் அதனிடம் காட்டிப் பார்க்கலாம். ஆனால் காலம் குறைவு. உள்ளே வளர்ந்த மனித செல்கள் ஒருநாள் எலியின் உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தாக்கத் தொடங்கும். முடி உதிரும், முதுகு கூனும். என் எலிகளில் இரண்டுக்கு ஏற்கெனவே உதிர ஆரம்பித்திருந்தது; மற்றவையும் சில நாளில் அதே நிலைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை காலை புது மருந்தின் முதல் ஊசி. வால் நரம்பில் ஊசி போடக் கை பழகியவர்கள் அங்கே இரண்டே பேர். இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

வெளி எலியைத் தொட்டவர் ஐந்து நாள் உள்ளே வரக் கூடாது என்பது எங்கள் விதி. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் எனக்குப் பஸ்.

குழாயடியில் உட்கார்ந்து கையைத் தேய்த்தேன். தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். என்ன புத்தி எனக்கு. ஒரு விளக்குமாற்றை எடுத்து விரட்டத் தெரியாதா? ஆறு வருஷப் பழக்கம், கை முந்திக்கொண்டது. அம்மா சொம்போடு வந்து நின்றாள்.

"என்னடி, இம்புட்டு நேரமாக் கழுவுற?"

சொன்னேன்.

"நல்லாத் தலைக்கு ஊத்திட்டு, வேற துணி மாத்திட்டுப் போ. ஊர்ல நடந்தது அங்கிட்டு யாருக்குத் தெரியப் போகுது?"

அதைத்தான் நானும் அரைமணி நேரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாயால் கேட்டதும் எரிச்சல் வந்தது. "சும்மா இரும்மா" என்று கத்தினேன். பாவம், அவள் என்ன செய்தாள்? உண்மையில் எனக்குப் பயம். சொன்னால் என் எலிகள் போகும். சொல்லாமல் போய்க் கிருமியைக் கொண்டு சேர்த்தால், என்னுடையவை மட்டுமல்ல, பக்கத்துக் கூண்டுகளில் மற்றவர்கள் வருஷக்கணக்காக வளர்த்தவையும் போகும். கிருமி இல்லாமலும் இருக்கலாம். அந்த 'இருக்கலாம்'தான் என்னைப் படுத்தி எடுத்தது.

பந்தி நடந்தது. இலையில் பிரியாணி ஆறியது, ஒரு வாய் இறங்கவில்லை. மொட்டைமாடிக்குப் போய் ஆராய்ச்சிக்கூடப் பொறுப்பாளர் மேடத்துக்கு போன் போட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஐந்து நாள் அவை தாங்காது, வேதனைப்படும், அதனால் நாளைக் காலை தானே அவற்றை வலியில்லாமல் முடித்துவிடுவதாகச் சொன்னார். எந்தக் கூண்டிலிருந்து தொடங்குவது என்று கேட்டார்.

அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முடி உதிர்ந்தவை இடது மேல்தட்டில், முதலில் அவை, என்றேன். பயந்த சுபாவமுள்ளது ஒன்று கீழ்த்தட்டில் இருக்கிறது, அதைத் தூக்கும்போது உள்ளங்கையைக் கொடுங்கள் மேடம், வாலை இழுக்க வேண்டாம், என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் படியில் அம்மா. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"தெனமும் நீதான அதுகளுக்குத் தீனி வைப்ப?"

"ஆமா."

"நாளைக்கு வேற ஆளு கூண்டத் தொறந்தா, ஒன்னத் தேடாதாடி?"

"எலிக்கு ஆளெல்லாம் தெரியாதும்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.