சத்தம் மட்டும் மிஞ்சிய எபிசோடுகள்

படம் அழிந்துபோன பழைய டிவி தொடருக்கு, மிஞ்சிய சத்தத்தைக் கேட்டுக் கேட்டே படம் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். பாதி நேரம் ஓவியர், மீதி நேரம் பஞ்சாயத்துக்காரர். அடுத்தவர் மனசில் இருக்கிற ஒன்றை நம் கையால் செய்து காட்டிப் பிழைக்கிறவர் நீங்கள் யாராக இருந்தாலும், தையல்காரரோ கல்யாண ஆல்பம் போடுகிறவரோ, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

இம்ரானும் நானும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் கம்ப்யூட்டரில் செருப்பு வரைந்துகொண்டிருந்தவர்கள். வெளியே வந்து பைபாஸ் ரோட்டில் செருப்புக்கு அடிப்பாகம் விற்கிற ஒரு சோல் கடைக்கு மேல் மாடியில் அனிமேஷன் ஸ்டூடியோ போட்டோம். ‘அகழி ஓரம்’ என்று ஒரு பழைய தொடர், வேலூரில் நடக்கிற குடும்பக் கதை. அந்தக் காலத்தில் டேப் விலை ஜாஸ்தி என்பதால் ஒளிபரப்பு முடிந்ததும் அதன்மேலேயே வேறு எதையாவது பதிவு செய்துவிடுவார்கள். அப்படிச் சில எபிசோடுகள் போய்விட்டன. முழுத் தொடரையும் வீட்டில் பார்க்கிற மாதிரி டிஸ்க்காக வெளியிட நினைத்த சென்னை நிறுவனம், காணாமல் போனதையெல்லாம் வரைந்து தரச் சொல்லி எங்களிடம் கொடுத்தது.

கேசட்டை விட்டு நகராதவர்

தொடரில் கணவனாக நடித்தவர் ராஜரத்தினம். அவரும் இப்போது உயிரோடு இல்லை, அவர் மனைவியும் இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு வாரமும் டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துக் கணவரின் தொடரைப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கேசட்டுகள்தான் எங்களுக்கு மூலதனம். மகன் பிரபு பேரணாம்பட்டில் தோல் ரசாயன வியாபாரம் செய்கிறவர். கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றால் மாட்டேன் என்றார். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்துத்தான் போட்டோம். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, திடீரென்று குரல் குழறியது. பிளேயர் நாடாவைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. இம்ரான் பாய்ந்து நிறுத்தினான். சாமணத்தால் நாடாவை மயிரிழை மயிரிழையாக வெளியே எடுக்கும்போது அவன் நெற்றி வேர்வை கேசட்மேல் விழுந்துவிடுமோ என்று நான் துணியோடு நின்றேன். பிரபு எழுந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“எல்லா சத்தமும் கேக்குமா மேடம், இல்ல கொஞ்சம் போய்டுமா?”

குக்கர் விசில்

வீட்டில் வைத்துப் பதிவு செய்தது என்பதால் வசனத்தோடு வீடும் சேர்ந்து பதிவாகியிருந்தது. கதாநாயகி கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது குக்கர் விசில் அடிக்கும். காதல் காட்சியில் கோலமாவுக்காரர் கூவிக்கொண்டு போவார். இதையெல்லாம் தனியாகப் பிரித்து எடுக்க மென்பொருள் இருக்கிறது. வீட்டுச் சத்தம் என்று அது சொல்கிற அத்தனையையும் இம்ரான் ஒரே மூச்சில் நீக்கிவிடுவான். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து நீக்க நேரம் ஏது?

ஒரு குழந்தையின் இருமல் மட்டும் மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. கதையில் வருகிற குழந்தையோ என்று நாங்கள் குழம்பியபோது பிரபு சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“அது நான்தான். எடுத்துடுங்க, கதையில அவங்களுக்குக் குழந்தை கெடையாது.”

ஒரு பளார்

கடைசி எபிசோடில் கணவனும் மனைவியும் சமையலறையில் சண்டை போடுகிறார்கள். அவன் கத்துகிறான், அவள் நிதானமாகப் பதில் சொல்கிறாள். திடீரென்று ‘பளார்’ என்று ஒரு சத்தம். பிறகு நீண்ட மௌனம். அதன்பின் அவள் பேசுகிறாள். வேறு எதுவும் இல்லை. ஒளிபரப்பானபோது பார்த்த ரசிகர்களைச் சென்னை நிறுவனத்தில் இருந்த சுந்தர் சார் விசாரித்தார். அடித்தான் என்று சிலர், டம்ளரைத் தட்டிவிட்டான் என்று சிலர். இயக்குநர் உயிரோடு இல்லை.

இம்ரான் அடி விழுவதாகவே முதல் கோட்டு வடிவத்தை வரைந்தான். அதைப் பார்த்ததும் பிரபுவின் முகம் மாறியது. அப்பா திரையில் பெண்மேல் கை நீட்டியவர் இல்லை, அது டம்ளர்தான் என்றார். சத்தத்தைத் திரும்பப் போட்டுக் காட்டினோம். அவர் கேட்கவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பயன்படுத்தக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. சம்மதம் போனால் ஒரு காட்சி அல்ல, முடித்து வைத்திருந்த எல்லா எபிசோடும் போகும். கேசட்டுகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு படியில் இறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்.

“டம்ளர்னு வரைஞ்சா கூப்புடுங்க, இல்லனா கூப்புட வேணாம்.”

காட்பாடிக்குப் போனோம்

டம்ளரே வரைந்து தொலையுங்கள், தேதி நெருங்குகிறது என்றார் சுந்தர் சார். எனக்கும் ஒரு மனசு அப்படித்தான் சொன்னது. ஆனால் மனைவியாக நடித்தவர் உயிரோடு இருக்கிறாரே, அவரைக் கேட்காமல் எப்படி? கிரேஸ் சிஸ்டர் நர்சிங் படிக்கும்போது இந்த ஒரே தொடரில் நடித்தவர். பிறகு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுக் காட்பாடியில் இருக்கிறார். முதலில் எங்களுக்குச் சாப்பாடு போட்டார். அப்புறம்தான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

சத்தம் வந்த இடத்தில் அவர் அசையவில்லை. முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்து ஒயரை ஒழுங்காகச் சுற்றினார். பேசும்போது வார்டில் கேஸ் விவரம் சொல்கிற குரல். ஒத்திகையில் டம்ளரைத் தட்டிவிடுவதாகத்தான் பேச்சாம். படம் பிடிக்கும்போது ராஜரத்தினம் ஓங்கி அறைந்துவிட்டாராம். இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும், இயல்பாக வந்திருக்கிறது, இன்னொரு தடவை எடுக்க வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்களாம். மறுநாள் டியூட்டிக்குப் போன இடத்தில் கன்னத்தைப் பார்த்து மேட்ரன் கேட்டதற்கு, கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னாராம். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை என்றார். டம்ளர் என்று சொல்கிறார்கள் சிஸ்டர் என்றேன்.

“டம்ளர் இல்ல ஷீலா, அது என் கன்னம்.”

ரெண்டு சம்மதம்

சிஸ்டர் அதோடு விடவில்லை. டம்ளரை வரைந்தால் தன் முகத்துக்குக் கொடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்றார். அடி வரைந்தால் ராஜரத்தினம் முகம் போகும், டம்ளர் வரைந்தால் சிஸ்டர் முகம் போகும். ரெண்டு பேரையும் ஸ்டூடியோவுக்கு வரச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பிரபு வந்தவர் சிஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். நடிப்பில் அடித்ததை இப்போது ஏன் பெரிசு பண்ண வேண்டும் என்று கேட்டார். அது நடிப்பு இல்லை என்று சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கீழே கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. பிரபு எழுந்து போய்விடுவார், கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அவர் இம்ரானிடம், சுத்தம் பண்ணாத காப்பி இருக்கிறதா, அதைப் போடுங்கள் என்றார். இம்ரான் தேடிப் போட்டான். சண்டை, பளார், மௌனம். அந்த மௌனத்தில், டேப் ரெக்கார்டருக்கு வெகு பக்கத்தில், ஒரு பெண் குரல். டிவி முன்னால் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்த பிரபுவின் அம்மா. “அங்கயும் போய்க் கைய நீட்டிட்டியா” என்று திரையைப் பார்த்துச் சொல்கிறார். குக்கர் விசிலோடும் கோலமாவோடும் சேர்த்து நாங்கள் நீக்கிய சத்தம் அது.

‘அங்கயும்’ என்ற சொல் போதும். அந்த வீட்டில் என்ன நடந்ததென்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிரபுவுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். கேசட்டில் அம்மா குரல் இருப்பதும் தெரியும். அதனால்தான் அதைக் கையை விட்டு இறக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடு என்று சிஸ்டர் என்னிடம் ஜாடை காட்டினார். அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, அடிச்ச கையை வரைய வேண்டாம், என் முகத்தை மட்டும் வரைந்தால் எனக்குப் போதும் என்றார். பிரபு தலையாட்டினார். பையிலிருந்து கேசட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். கதவுவரை போய்விட்டு நின்றார்.

“அம்மா குரல மட்டும் டிஸ்க்ல போட வேணாம் மேடம், அவங்க கிட்ட யாரும் சம்மதம் வாங்கல.”

அழாத முகம்

கை வேண்டாம், முகம் போதும் என்று சொல்லிவிடலாம். வரைகிறவனுக்குத்தான் தெரியும். ஒரு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மௌனம் முழுவதையும் ஓட்ட வேண்டும். இம்ரான் முதலில் கண்ணீர் வரைந்தான். சிஸ்டர் வேண்டாம் என்றார். உதடு நடுங்குவதாக வரைந்தான். அதுவும் வேண்டாம் என்றார். கோபம், பயம், அதிர்ச்சி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. டிஸ்க் தயாரிப்புக்குப் போக வேண்டிய தேதி வந்துவிட்டது, சுந்தர் சார் போனுக்கு மேல் போன். ஷீலாக்கா, இதுக்குமேல என் கிட்ட முகம் இல்ல என்று இம்ரான் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. போனில் கூப்பிட்டு, சிஸ்டர், அந்த நிமிஷம் நீங்கள் என்னதான் நினைத்தீர்கள் என்றேன்.

கேஸ் விவரம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“அடுத்த வசனம் என்னுதா, இல்ல அவரோடதான்னு யோசிச்சேன்.”

பிரபு பார்த்தது

அதன்படியே வரைந்தோம். சத்தம் வருகிறது, திரையில் சிஸ்டரின் முகம் மட்டும். கண்ணீர் இல்லை, நடுக்கம் இல்லை. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி கண் மட்டும் லேசாக நகர்கிறது. பிறகு தன் வசனத்தைப் பிசிறில்லாமல் பேசுகிறார்.

பிரபுவுக்குப் போட்டுக் காட்டும்போது நானும் இம்ரானும் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடி முடிந்தன. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

“எங்கம்மாவும் இப்படித்தான் நிப்பாங்க, அப்புறம் போய் சோறு போடுவாங்க.”

வாடிக்கையாளர் குரல்

டிஸ்க் வெளியாகி நல்ல பேரும் வந்தது. சிஸ்டர் பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினாராம். அந்த இடம் வந்ததும், அது நிஜ அடி என்று தானே சொன்னாராம். இதைப் போனில் என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. சந்தோஷத்தில் இம்ரானுக்கு டீ வாங்கிக்கொடுத்தேன்.

டீ ஆறுவதற்குள் சோளிங்கரிலிருந்து ஒரு போன். தொடரை அந்தக் காலத்திலேயே பார்த்த ரசிகராம். டிஸ்க் பெட்டியில் எங்கள் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் அருமை என்றார். ஒரே ஒரு குறைதான் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன், இம்ரானும் கேட்கட்டும் என்று.

“மத்த எடத்துல எல்லாம் ஆளுங்க நல்லா அசையறாங்க, அந்த ஒரு எடத்துல மட்டும் அந்தம்மா அசையவே இல்லியே, அதுக்கு மட்டும் துட்டு கம்மியா குடுத்துட்டாங்களா?”

வரைகிற வேலை என்று நம்பித்தான் இதில் இறங்கினோம். வந்த பிறகுதான் தெரிகிறது, வரைவது கம்மி, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பதுதான் ஜாஸ்தி.