அம்மா போட்ட இரண்டு எட்டுகள்

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்கு டூவீலர் லைசென்ஸ் டெஸ்ட். துணைக்கு என்னையும் பள்ளிக்கு லீவு போட வைத்தாள்.

வரிசையில் எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். அதிகாரி என்னைப் பார்த்து, "வாம்மா, வண்டிய எடு" என்றார்.

"அவ இல்ல சார், நாந்தான். அவ பயந்தாங்கொள்ளி" என்றாள் அம்மா. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

அவள் சொன்னது உண்மைதான். அம்மா பாஸாகிவிட்டால் பின்னால் உட்காரப் போவது நான். ஃபெயிலாகட்டும் என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில், காலை ஊன்றாமல் எட்டுப் போட்டாள்.

"போதும்மா, பாஸு. எறங்குங்க."

"செத்த பொறுங்க சார், இப்பத்தான் நல்லா வளையுது."

இன்னொரு எட்டும் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள். வரிசையே கைதட்டியது. என்னை அறியாமல் நானும் தட்டினேன்.

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில், "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றேன்.

"ஒன்னையும் தம்பியையும் தூக்கிக்கிட்டு எம்புட்டு வருசம் பஸ்ல நின்னேன்! இனி நான் ஓட்டுதேன், நீங்க உக்காருங்க. ஒன் பரீட்சை முடியட்டும், குத்தாலம் போறோம்."

நாளை முதல் பள்ளிக்கும் வீட்டு வண்டியில் அவள்தான் கொண்டுவிடுகிறாளாம். அம்மா ஓட்டும் வண்டியில் போன அனுபவசாலிகளே, எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? காலை எட்டு மணிக்குள் சொல்லுங்கள்.