எல்ராய் மேப்ரி நடித்த ஒரே படம்

கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் எல்ராய் மேப்ரியை வெல்வெட் என்று சொன்னால்தான் தெரியும். ஜூலை வெயிலிலும் திராட்சை நிற வெல்வெட் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். தொப்பலாக வியர்த்துக்கொண்டே, "எனக்கு எப்பவும் உடம்பு ஜில்லுனுதான் இருக்கும்" என்பான். அவன் சொன்ன பொய்களில் யாருக்கும் கெடுதல் செய்யாதது அது ஒன்றுதான்.

அவனுடைய தொழில் மோதிரம். பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கும் பெண்ணின் பக்கத்தில் போய்க் குனிவான். நிமிரும்போது கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு வைர மோதிரம் விரலுக்கு வந்திருக்கும். "அம்மா, இது உங்க காலடியில கிடந்துச்சு. உங்களுதா?" என்பான். இல்லை என்றதும் அவன் முகத்தில் அப்படி ஒரு கவலை படரும். போலீஸில் கொடுத்தால் அது போலீஸ்காரன் பெண்டாட்டி விரலுக்குப் போய்விடும், அவனே கடைக்குக் கொண்டுபோனால் கறுப்பன் கையில் வைரம் ஏது என்று உள்ளே தள்ளிவிடுவார்கள், உங்களைப் போல மரியாதையான முகம் இருந்தால் பரவாயில்லை என்று பேசிப் பேசி, கடைசியில் அந்தப் பெண் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு மோதிரத்தோடு பஸ் ஏறிவிடுவாள். கொஞ்ச நாளில் விரல் பச்சையாகும். வெளியே சொல்ல முடியாது. அடுத்தவள் தொலைத்த வைரத்தை அமுக்கப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? என் நாத்தனார் எலுமிச்சம்பழம் போட்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

கறுப்பு ஹீரோவைப் போட்டு அடிதடிப் படம் எடுத்தால் ஓடுகிறது என்று கலிபோர்னியாக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த காலம் அது. எழுபத்து நாலில் எங்கள் ஊருக்கும் ஒரு கூட்டம் வந்தது. படத்தின் பெயர் 'கிழக்குத் தெரு இளவரசன்'. ஏமாற்றிப் பிழைக்கும் ஒருவன் உயர்ந்து, விழுந்து, மனந்திரும்புகிற கதை. ஹீரோவாக வந்தவர் ஏப்ரல் மாதத்தில் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டியதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு தெருவில் நின்ற டைரக்டரின் கண்ணில், தன் காடிலாக் மேல் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்த எல்ராய் பட்டான். உடையும் இருக்கிறது, காரும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான். அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

கதையில் ஹீரோ துப்பாக்கியைக் காட்டிப் பிடுங்குவதாக இருந்தது. எல்ராய்க்கு ரோஷம் வந்துவிட்டது.

"துப்பாக்கி எடுக்கறவன் வேலை தெரியாதவன் சார். நம்ம தொழில்ல ஒரு நாசூக்கு இருக்கு. பாக்கறீங்களா?" என்று கேமராவுக்கு முன்னால் அந்த மோதிர வித்தையைத் தொடக்கம் முதல் கடைசிவரை செய்து காட்டினான். கைக்குட்டை, குனிவது, கவலை முகம், எல்லாம். டைரக்டர் கேமராவை மிகவும் கிட்டே வைத்து எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் எல்ராய் கொஞ்சம் யோசித்திருக்கலாம். தன் முகம் திரையில் எவ்வளவு பெரிதாக வரும் என்பதிலேயே அவன் மனது இருந்தது.

மனந்திரும்பும் காட்சியை எங்கள் தேவாலயமான நெபோ சபையில் எடுத்தார்கள். குளிருக்குக் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பழுது பார்த்துத் தருவதாகப் படக்காரர்கள் சொன்னதால் பாஸ்டர் கெய்தர் சம்மதித்தார். நாங்கள் எல்லோரும் ஞாயிறு ஆராதனைக்குப் போடும் சொந்தத் தொப்பியோடு போய் உட்கார்ந்தோம். நான் பாட்டுக் குழுவில் இருந்தேன். எல்ராய் நடுவழியாக நடந்து வந்து, முழங்காலிட்டு அழ வேண்டும். நடை பிரமாதம். அழுகைதான் வரவில்லை. வெங்காயம் கொடுத்துப் பார்த்தார்கள், தும்மல் வந்தது.

எங்கள் சபையின் மூத்த அம்மா ஒடெஸ்ஸா க்ரம்ப்புக்கு அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த அவசரம். எழுந்து நேராக அவனிடம் போனார். "ஏண்டா எல்ராய், உங்கம்மா எந்த பெஞ்சுல உக்காருவான்னு ஞாபகமிருக்கா?"

"அந்த ஜன்னலோரம்மா."

"அங்க உக்காந்து உனக்காக அழுவா. நான்தான் கைக்குட்டை குடுப்பேன். துவைச்சுத் திருப்பித் தருவா, மறுவாரம் மறுபடியும் வாங்கிப்பா. கண்ணை மூடறவரைக்கும் அப்படித்தான்."

அவ்வளவுதான். எல்ராய் அழுத அழுகை ஓயவே இல்லை. மூக்கு ஒழுகி வெல்வெட் கோட்டெல்லாம் வீணாயிற்று. டைரக்டர் "கட்" என்றார். பாஸ்டர் நிறுத்தவில்லை. "கர்த்தரை ஏத்துக்கறியா மகனே?" என்றார். கதையில் இருந்த வசனம்தானே என்று எல்ராய் "ஏத்துக்கறேன் பாஸ்டர்" என்றான். பாஸ்டர் எங்களைப் பார்த்து, "சபை இவனை ஏத்துக்குதா?" என்றார். நாங்கள் ஆமென் என்றோம். அது கதையில் இல்லை.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. ஒடெஸ்ஸாம்மா அவன் பொழுதைக் கழிக்கும் பில்லியர்ட்ஸ் கடைக்கே போய்விட்டார்.

"ஆராதனைக்கு ஏன் வரல?"

"அம்மா, அது நடிப்பு."

"அப்படின்னு ஆண்டவர்ட்ட யாரு சொன்னா?"

"கேமரா இருந்துச்சேம்மா, நீங்களே பாத்தீங்களே."

"நான் உன்னைத்தான் பாத்துட்டு இருந்தேன். மூக்கு ஒழுகினது உன்னுதா, கேமராவுதா?"

கடையில் இருந்தவர்கள் சிரிக்க, அவன் பின்வாசல் வழியாக நழுவினான்.

படம் அக்டோபரில் வந்தது. மற்ற ஊர்களில் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் தியேட்டரில் மட்டும் சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்கு இடமில்லை. கிழக்குப் பக்கமே வந்திருந்தது. எல்ராய் புதுத் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்தான். கதவிடுக்கு வழியாக நானும் பார்த்தேன்.

மோதிரக் காட்சி வந்தது. சுவர் அளவுக்குக் கைக்குட்டை, சுவர் அளவுக்குக் கவலை முகம். நடுவரிசையிலிருந்து ஒரு குரல், "அடப்பாவி, அதே வார்த்தை" என்றது. அது என் நாத்தனார். பின்வரிசையில் இன்னொருத்தி, "மரியாதையான முகம்னு என்கிட்ட மட்டும்தான் சொன்னான்னு நெனச்சேன்" என்றாள். ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். எனக்கே ஆச்சரியம், ஊரில் பாதிப் பேர் எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறார்கள். முதலில் சோளப்பொரி பறந்தது, பிறகு செருப்பு. எல்ராய் தொப்பியை விட்டுவிட்டு என்னைத் தாண்டி ஓடினான். "வெர்னெல், நான் இந்தப் பக்கம் வரலன்னு சொல்லிடு" என்றான். அவன் பின்னால் வந்தவர்கள் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தெருவில் திறந்திருந்த ஒரே கதவு சபையின் சமையலறைக் கதவு. சனிக்கிழமை விற்பனைக்கு ஒடெஸ்ஸாம்மா கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது அவன் மேசைக்கு அடியில் இருந்தான்.

"நீ சபை ஆளா, இல்லையா? இப்பவே சொல்லு."

"ஆளுதாம்மா. சத்தியமா ஆளுதான்."

"அப்ப எழுந்து ஏப்ரனைக் கட்டு."

குடைகளோடு வந்த கூட்டத்தை அவர் கரண்டியோடு வாசலில் நிறுத்தினார். "இங்க யாரையும் அடிக்கக் கூடாது. அவன் வேலையில இருக்கான். வரிசையா வாங்க. ஆளுக்கு ஒரு தட்டு மீன், ஆளுக்கு ஒரு மன்னிப்பு. ரெண்டையும் அவன் கையாலயே வாங்கிக்கங்க."

எல்ராய் சோளமாவு அப்பிய கையோடு ஒவ்வொருத்தியிடமும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். முதல் சில பேரிடம் பழைய கவலை முகத்தைப் போட்டுப் பார்த்தான். "அந்த மூஞ்சியை இப்பதான் படத்துல பாத்துட்டு வர்றேன், வேற மூஞ்சி காட்டு" என்றாள் ஒருத்தி. அதற்கப்புறம் அவன் முகத்தில் வந்தது எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் நாத்தனார் மூன்று தடவை வரிசையில் நின்றாள். மீனுக்கா மன்னிப்புக்கா என்று இன்றுவரை சொல்லவில்லை.

தொழில் அன்றோடு முடிந்தது. அவன் ஷூ கயிறு கட்டக் குனிந்தாலே பஸ் ஸ்டாப் காலியாகிவிடும். வேறு வழியில்லாமல் சனிக்கிழமைகளில் மீன் பொரித்தான், வயதானவர்களைக் காடிலாக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வேறு வழி கிடைத்த பிறகும் அதையே செய்தான். ஞானஸ்நானம் எடுத்த அன்று பாஸ்டர் அவனைத் தண்ணீருக்குள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவைத்திருந்தார் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணம்.

மறு வருடம் ஓர் ஆள் சபைக்குப் பழைய பஸ் ஒன்று விற்க வந்தான். விடியும்போதே பஸ் சபை வாசலில் நின்றிருந்தது, அது எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வேதவசனம் சொல்லிச் சொல்லிப் பேசினான். பாஸ்டர் கையெழுத்துப் போடப் போனார். எல்ராய் போய் முன்மூடியைத் தூக்கினான். உள்ளே இன்ஜின் இல்லை, ஒரு பூனை இருந்தது.

"உனக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார் பாஸ்டர்.

"ரொம்ப மரியாதையா பேசினான் பாஸ்டர். உங்ககிட்ட அவ்வளவு மரியாதையா யாரு பேசறாங்க?"

அதற்குப் பிறகுதான் அவனிடம் காணிக்கைத் தட்டைக் கொடுப்பது என்று முடிவானது. முதல் ஞாயிறு பிரசங்கத்தை யாரும் கேட்கவில்லை, எல்லோர் கண்ணும் அவன் கையில்தான். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு தட்டைத் தூக்கி வந்தான். அன்று மட்டும் என்று நினைத்தோம். குளிர்காலத்திலும் அப்படியே வந்தான். வேறு சபைகளிலிருந்து வந்தவர்கள் இதை நெபோவின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் தட்டு ஏந்தும் மற்ற ஆண்களும் சட்டையைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.