மூலையிலிருந்து நடுவுக்கு

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் புது முகம் வந்தபோது, காலை ரயிலில் எங்கள் பெட்டியில் அதற்குப் பரிந்து பேசிய ஒரே ஆள் நான்தான். இடது கீழ் மூலையில் வருஷக்கணக்காகக் குடியிருந்த மெனு பட்டன் நடுவுக்கு வந்துவிட்டது. மற்ற சின்னப் படங்களும் அதோடு சேர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன. விஷயம் அவ்வளவுதான். இதற்குப் போய் ஒப்பாரி வைக்கிறார்களே என்று எனக்கு எரிச்சல்.

எரிச்சலுக்குக் காரணமும் உண்டு. பெங்களூரில் அந்த ஆபீஸில், கம்ப்யூட்டர் கோளாறுகளைச் சரிசெய்யும் பிரிவில் இருக்கிறேன். புகார்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒருவருக்கு மூலையில், இன்னொருவருக்கு நடுவில் என்று விட்டால் போனில் வழி சொல்லியே பொழுது போய்விடும். அதனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று, யாரும் மாற்ற முடியாதபடி மேனேஜர் பூட்டிவிட்டார். அறிவிப்பை எழுதியது நான். மாற்றம் வேண்டுகிறவர்கள் காரணத்தை எழுதித் தர வேண்டும், 'பிடிக்கவில்லை' என்பது காரணமாகாது. அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் ரயில் மாரிக்குப்பத்தில் கிளம்பி, ஊரிகம் தாண்டி, கோரமண்டலுக்கு வரும். நான் ஏறுவது கோரமண்டலில். ஊரிகத்தில் ஏறுகிற அக்கா எதிர் சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். பை இருக்கும் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள், அது இந்த ரயிலின் சட்டம். அக்காவும் என் ஆபீஸ்தான். மூன்றாவது மாடியில், திரையில் வரும் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டுகளைப் பார்த்து டைப் செய்யும் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, மகள் நர்சிங் படிக்கிறாள். அக்காவின் பக்கத்தில் ஓர் அண்ணன் உட்காருவார். அவருக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை. அவருடைய கம்பெனியிலும் அதே புது முகம் வந்திருந்தது.

"யார் கேட்டாங்கோ இத்த? நல்லா இருந்ததை எதுக்கு நோண்டணும்?" என்று அவர் தினமும் ஆரம்பிப்பார்.

"ஒரு வாரம் போனா பழகிடும்ணே. புதுசுன்னாலே நமக்கு வயிறு கலக்குது," என்பேன்.

அக்கா பெரும்பாலும் பேச மாட்டார். ஒரு நாள் மட்டும், "அது எங்க இருந்துச்சோ அங்கயே இருந்தா இன்னா மா?" என்று கேட்டார். "மூலையில இருந்தா என்ன, நடுவுல இருந்தா என்ன? கண்ணு இருக்குல்ல?" என்று நான் சொன்னேன். அண்ணன் கூடச் சிரித்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அந்த வாரமே அக்காவிடமிருந்து விண்ணப்பம் வந்தது. பழைய மூலைக்கு மாற்றித் தர வேண்டுமாம். காரணம் என்ற கட்டம் காலி. தெரிந்தவர் என்று சலுகை காட்டினால் மூன்றாவது மாடி மொத்தமும் கிளம்பி வரும் என்று மறுத்துவிட்டேன். இரண்டாவது முறை வந்தது, அப்போதும் கட்டம் காலி, அப்போதும் மறுத்தேன். ரயிலில் என்னோடு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சீட்டில் பை மட்டும் வழக்கம்போல இருந்தது.

மூன்றாவது விண்ணப்பத்தோடு அவருடைய சூப்பர்வைசரின் குறிப்பும் வந்தது. அக்காவின் வேகம் குறைந்துகொண்டே போகிறது, இயந்திரத்தில் கோளாறா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் வேறு முடிவு எடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவது மாடிக்குப் போனேன்.

சாப்பிடப் போகாமல் அவர் வேலை செய்துகொண்டிருப்பதைப் பின்னால் நின்று பார்த்தேன். விசைகள் மேல் விரல்கள் ஓடிய வேகத்தில் குறையே இல்லை. ஒரு ஷீட் முடிந்து அடுத்ததைத் திறக்க வேண்டிய இடத்தில்தான் தடுமாற்றம். மவுஸை இடது மூலைக்கு ஒரே தள்ளாகத் தள்ளினார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு நடுவுக்குக் கொண்டுவந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, திரையை ஓரக்கண்ணால் பார்த்தபடி தேடினார். அமுக்கியது வேறொன்று. அது ஒரு ஜன்னலாகத் திறந்துகொண்டது, நடுவில் இருந்த படங்கள் எல்லாம் சற்று நகர்ந்து உட்கார்ந்தன. மறுபடி முதலிலிருந்து தேடல்.

"அக்கா, நேரா பாருங்க. இதோ, நடுவுல கீது," என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"நேரா பார்த்தா தெரிலமா," என்றார், குரலை இறக்கி. "நடுவுல மட்டும் மங்கலா ஒரு வட்டம். ஓரமெல்லாம் நல்லா தெரியுது. ஷீட்டைப் பெருசு பண்ணிப் படிச்சிக்குவேன். அந்தப் பட்டனுக்குக் கண்ணே வேணாம் மா, மூலைக்குத் தள்ளினா அதுவே முட்டிக்கினு நிக்கும்."

எத்தனை மாசமாக இப்படி என்று கேட்டேன். ஒரு வருஷம் இருக்கும் என்றார். பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்ப்பதைக் கூச்ச சுபாவம் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

திரும்பி வருகிற ரயிலில் அண்ணன் இல்லை. காரணக் கட்டத்தில் கண் என்று எழுதிக் கொடுங்கள், பெரிய திரைகூடத் தருவார்கள், நான் பேசுகிறேன் என்று மன்றாடினேன்.

"அன்ஃபிட்டுன்னு போட்டுடுவாங்கோ," என்றார்.

அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் வேறு எங்கும் இல்லாத கனம். தங்கச் சுரங்கம் ஓடிய நாட்களில், மெடிக்கல் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், அங்கே வேலை பார்த்த அக்காவின் அப்பா சுடுதண்ணீரைக் குடித்து, மூச்சை அடக்கி, இருமலை உள்ளேயே அமுக்கிக்கொண்டு போவாராம். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற பயம். மூன்று முறை அப்படித் தப்பித்தார். வீடு தங்கியது, அவர் நெஞ்சு தாங்கவில்லை. என் வீட்டிலும் இதே கதைதான், அதனால் காலம் மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மாறிவிட்டதா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

மறுநாள் மேனேஜரிடம் போய், பூட்டை எடுத்துவிடலாம், யாருக்கு எந்தப் பக்கம் வேண்டுமோ வைத்துக்கொள்ளட்டும் என்றேன். யாருக்காக இவ்வளவு அக்கறை என்று அவர் கேட்டார். எனக்காகத்தான், நடுவில் இருப்பது எனக்கே பிடிக்கவில்லை என்றேன். என் அறிவிப்பின் கடைசி வரியை அவர் எனக்கே வாசித்துக் காட்டிச் சிரித்தார். முகம் எரிந்தது, ஆனால் பூட்டு திறந்தது. செய்தி கேட்ட அண்ணன், "கட்சி மாறிட்டியே மா, எவ்ளோ குடுத்தாங்கோ?" என்று ஒரு வாரம் விடாமல் கிண்டலடித்தார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்காவுக்கு மூலை திரும்பியது, வேகமும் திரும்பியது, சூப்பர்வைசர் குறிப்பு எழுதுவதை நிறுத்தினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். கண்ணைக் காட்ட வேண்டும், நானும் கூட வருவேன். பல சாக்குகளுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர்க் கடைவீதியான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம்.

சின்ன இடம். டாக்டர் உட்காரும் பக்கத்துக்கும் நாங்கள் காத்திருந்த பெஞ்சுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் போனார்கள். சுவரில் மாட்டிய போர்டின் எழுத்துகளை ஒவ்வொருவரும் சத்தமாக வாசித்தார்கள். அக்கா தலையைக் குனிந்து, உதடு லேசாக அசைய, உட்கார்ந்திருந்தார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன்.

உள்ளே போனதும் என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டார். "தலைவலி டாக்டர், அவ்ளோதான்," என்றார் அக்கா. என் கையை இறுகப் பிடித்திருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு எழுத்து பிசகாமல், நிதானமாக வாசித்தார். அடுத்த கண்ணிலும் அப்படியே. தூரப் பார்வை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

அக்கா மூச்சு விட்டது என் தோளில் பட்டது. பெஞ்சில் அவர் உதடு அசைந்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு நொடி சும்மா இருந்திருந்தால் போதும், சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்போம்.

"டாக்டர், வேற போர்டு மாட்டிக் கேளுங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போர்டின் மறுபக்கம் தெரியும்படி மாற்றி மாட்டி, வாசிக்கச் சொன்னார். அக்கா தலையைச் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். முதல் எழுத்துக்கு மேல் போக முடியவில்லை.

"எதையும் காகிதத்துல எழுதாதீங்கோ டாக்டர்," என்றார்.

"எழுதுங்க," என்றேன் நான்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். அதுவரை பிடித்திருந்த என் கையை அக்கா விட்டுவிட்டார்.