பியர் காய்ச்ச ஒரு பாதுகாப்பான பிளக்

சலவை அறையில் குழாயை மூடப் போனபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. இடது கை கொதிகலனின் விளிம்பில் இருந்தது. வலது கை குழாயில் பட்டதும் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சுருக்கென்று ஏறியது. கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தேன்.

"என்னங்க, இது ஷாக் அடிக்குது."

என் கணவர் நீளமான மரக்கரண்டியால் கொதிகலனுக்குள் கிளறிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. "லேசாத்தான் இருக்கும். செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு," என்றார்.

அவர் காய்ச்சிக்கொண்டிருந்தது பியர். சிட்னியில் டூங்கபியில், ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் அப்போது குடியிருந்தோம். வங்கிகள் ஆட்டம் கண்ட அடுத்த வருஷம், அவர் வேலை பார்த்த கணினி நிறுவனத்தில் ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள். கடைசி நாளில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். வீட்டிலேயே பியர் தயாரிக்கும் சாமான்கள். இனிமேல் உனக்கு நேரம் நிறைய இருக்குமே என்று ஒருவன் அட்டையில் எழுதியிருந்தான். வேடிக்கைக்கு எழுதியதுதான். அவர் அதை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

பல மாதம் அந்தப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. அந்த மாதங்களில் அவர் விண்ணப்பங்கள் அனுப்பினார், சில நேர்காணல்களுக்குப் போனார், பிறகு போவது குறைந்தது. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, காலையில் எந்தச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாரோ அதே சட்டையோடு உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டீங்களா என்றால், சாப்பிட்டேன் என்பார். தட்டு காலையில் கழுவி வைத்தபடி காய்ந்தே இருக்கும்.

ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போது பொரிவிளங்காய் மாவு வறுத்தது போல ஒரு வாசனை. சமையலறையில் அந்தப் பெட்டி பிரிந்து கிடந்தது. அவர் முகம் வேர்த்திருந்தது. பார்லியிலிருந்து எடுத்த மால்ட் பாகைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்திருந்தார். ஹாப்ஸ் என்ற பூவை எப்போது போட வேண்டும், எவ்வளவு சூட்டில் ஈஸ்ட் சேர்க்க வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னார். அவர் அவ்வளவு பேசிக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. எனக்குப் பியர் பிடிக்காது. அவரும் பெரிய குடிகாரர் இல்லை. ஒரு கிளாஸ் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்ப்பார், பாதி குடிப்பார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த வேலை. அவர் காலையில் எழுந்து குளித்ததே காய்ச்சுகிற நாட்களில்தான்.

கேஸ் அடுப்பில் அவ்வளவு பெரிய பாத்திரம் கொதிக்கப் பாதி நாள் ஆனது. ஆவி பட்டுக் கூரையின் பெயின்ட் உரிந்து பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது. அதனால் ஒரு தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனையில், டீ போட வைத்திருந்த எஃகுக் கொதிகலன் ஒன்றை வாங்கி வந்தார். மின்சாரத்தில் ஓடுவது. அதைச் சலவை அறையில் வைத்தார். அதுதான் எனக்கு ஷாக் அடித்தது.

நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் கெட்டிலுக்குக்கூட, சோதித்தாயிற்று என்று ஒரு வண்ணச் சீட்டு தொங்கும். சேஃப்டி ஸ்விட்ச் என்ற ஒன்றைப் பற்றியும் அங்கேதான் கேள்விப்பட்டேன். மின்சாரம் கசிந்து ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகப் பார்த்தால், அது கண்ணிமைக்கும் முன்னால் இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்று பார்க்கப் பக்கவாட்டுச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தோம். கறுப்புப் பலகை, அதில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ்கள், சிலந்திக்கூடு. வேறொன்றும் இல்லை.

முன்பகுதியில் குடியிருந்த வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை அன்ரி என்றும் கூப்பிடுவோம். அங்கிளிடம் கேட்கப் போனோம். வாசலிலேயே கதிரை போட்டு உட்கார வைத்தார்.

"சேஃப்டி சுவிச்சோ? உதுக்கு இப்ப என்ன அவசரம் பிள்ளை? நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு ஒருத்தருக்கும் கரண்ட் அடிக்கேல்லை."

"எனக்கு அடிச்சுது அங்கிள்."

அவர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நான் கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். பின்னாலை கசிப்போ காய்ச்சிறீர்?"

கசிப்பு என்றால் கள்ளச்சாராயம் என்று எங்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. என் கணவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்த ஒரே தடவை அதுவாகத்தான் இருக்கும். "இல்ல அங்கிள், பியர். வீட்டுக்குன்னு பியர் செஞ்சுக்கலாம், இங்க சட்டப்படி தப்பில்ல. சாராயம் வடிக்கிறதுதான் கூடாது," என்று விளக்கினார்.

"எனக்கு இரண்டும் ஒண்டுதான். அன்ரிக்கு மணம் பிடிக்கேல்லை. எண்டாலும் நீங்கள் நல்ல பிள்ளையள். ஆளைக் கூட்டி வந்து காட்டுங்கோ, என்ன முடியும் எண்டு பாப்பம்."

எலக்ட்ரீஷியன் ஒரு சனிக்கிழமை வந்தார். உயரமான வெள்ளைக்காரர். பெட்டியைத் திறந்தார், குனிந்து பலகையைப் பார்த்தார், அதில் கை வைக்காமலே மறுபடி மூடினார். அந்தக் கறுப்புப் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறது, அதில் துளை போட்டால் நுரையீரலைக் கெடுக்கும் தூசு பறக்கும், தான் அதைத் தொட மாட்டேன் என்றார். பலகையையே பெயர்த்துப் புதிதாக வைக்க வேண்டும். புதிதாக வைத்தால் தெருக்கம்பத்திலிருந்து வரும் வயரையும் மாற்றச் சொல்வார்கள். தரைக்குப் போகும் எர்த் கம்பியும் துருப்பிடித்திருக்கிறது. அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அங்கிள் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அவரே பின்பக்கம் வந்தார். "குறை நினையாதையுங்கோ. இந்த வீட்டை இடிச்சுப்போட்டு ரண்டு வீடாக் கட்டுற யோசினை மகனுக்கு. இடிக்கிற வீட்டிலை காசைக் கொட்டச் சொல்லி அவனிட்டை நான் எப்பிடிக் கேக்கிறது?"

"எப்ப இடிக்கப் போறீங்க அங்கிள்?" என்று கேட்டேன்.

"அது இன்னும் முடிவில்லை பிள்ளை. கவுன்சில் அனுமதி வரவேணும்." அவருக்கே சங்கடமாக இருந்தது. கையிலிருந்த பையில் அன்ரி கொடுத்தனுப்பிய கத்தரிக்காய்கள். அதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுப் பலகையை மாற்ற வழியில்லை என்று தெரிந்த பிறகு, பியர் சாமான் கடைக்காரர் வேறொரு யோசனை சொன்னார். கட்டட வேலைக்காரர்கள் கையோடு கொண்டுபோகிற சேஃப்டி ஸ்விட்ச் இருக்கிறது, சுவர்ச் சாக்கெட்டில் சொருகி அதில் கொதிகலனை மாட்டினால் போதும் என்றார். பெரிய ஹார்ட்வேர் கடையில் அதைத் தேடிப் பிடித்து வாங்கினோம். எங்களுக்கு எட்டுகிற விலைதான். மஞ்சள் நிறப் பெட்டி, அதில் ஒரு சோதனைப் பொத்தான். அதை அழுத்தி, டக்கென்று விழுகிறதா என்று நாங்கள் மாறி மாறிப் பார்த்தோம். இனி பயமில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் கொதிகலனை அதில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். டக். மறுபடி போட்டார். டக். தண்ணீர் சுடக்கூட இல்லை. பெட்டியில் பழுதோ என்று என் இஸ்திரிப் பெட்டியை மாட்டினோம். அது நன்றாகவே சூடேறியது. கொதிகலனில் தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட்டுக்குள் ஈரம் இறங்கியிருந்தது. கசிவு அங்கேதான். வாங்கிய பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதனாலேயே காய்ச்ச முடியவில்லை.

அவர் விடவில்லை. எலிமெண்ட்டைக் கழற்றி, சமையலறை ஓவனில் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தினார். இணையத்தில் யாரோ சொல்லியிருந்தார்களாம். திரும்ப மாட்டியபோது ஸ்விட்ச் விழவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தது. மால்ட்டைக் கொட்டினார், கொதி வந்தது, முதல் பிடி ஹாப்ஸ் போட்டார். அறை முழுக்கப் பச்சிலை வாசனை. நான் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்ல நாளாகத்தான் இருந்தது.

டக்.

அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. போட்டால் விழும், போட்டால் விழும். பாதி கொதித்த பாகு ஆறி, மேலே ஆடை கட்டியது. கேஸ் அடுப்புக்கு மாற்றலாம் என்றேன். இரண்டு நாள் அதை அப்படியே மூடி வைத்திருந்தார். புளித்த நாற்றம் வந்ததும் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அவர் வரவில்லை. நான்தான் தூக்கிப் போய்க் கவிழ்த்தேன்.

புது எலிமெண்ட் ஒன்றை மலிவாக இணையத்தில் வாங்கினார். தபாலில் வந்தது. பிரித்துப் பார்த்தால் அதன் பிளக்கில் எர்த் முள் மட்டும் அகலமாக இருந்தது. அதிக மின்சாரம் இழுப்பது என்பதால் சாதாரணச் சாக்கெட்டில் நுழையக் கூடாதென்றே அப்படிச் செய்கிறார்கள். அதற்குத் தனிச் சாக்கெட் போட வேண்டும், அதற்குப் புது வயர் இழுக்க வேண்டும், அந்த வயர் அந்தக் கறுப்புப் பலகைக்குத்தான் போக வேண்டும்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்தபோது, சலவை அறையில் அவர் அரத்தை வைத்து அந்த முள்ளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் தேச்சா உள்ள போயிரும்."

"அந்த மஞ்சப் பெட்டி தாங்காதுங்க. அதுக்கு மேல இது இழுக்கும்னு பியர் கடைக்காரர் சொன்னாருல்ல?"

"அந்தப் பெட்டி வேணாம். நேரா சுவத்துல மாட்டிக்கிறேன்."

"வயர் சூடேறிப் பத்திக்கும். உங்களுக்கு ஷாக் அடிச்சா என்ன செய்வீங்க?"

"அடிச்சா அடிக்கட்டும்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தா வரட்டும் என்பது போலச் சொன்னார். அரத்தை நிறுத்தவும் இல்லை. நான் சலவை இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். அதுவரைக்கும் நான் பிளக்கைப் பற்றியும் ஃபியூஸைப் பற்றியும்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்து அரத்தை வாங்கினேன். தடுக்கவில்லை, கொடுத்துவிட்டார். அவர் விரலெல்லாம் பித்தளைத் தூள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்," என்றேன்.

"எதுக்கு?"

"போலாம்."

போனோம். டாக்டர் கனிவாகத்தான் கேட்டார். என் கணவர், தூக்கம் சரியில்லை என்று மட்டும் சொன்னார். நான் குறுக்கிட்டு மற்றதைச் சொன்னேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தவறாமல் போட்டுக்கொண்டார். தூக்கம் வந்தது. பகலிலும் வந்தது. கொதிகலன் பக்கம் அவர் போகவே இல்லை.

சாமான்களை விற்றுவிடலாம் என்று சொன்னது அவர்தான். விளம்பரத்தைப் பார்த்து, புதுக் குடியிருப்புப் பகுதியிலிருந்து ஒரு இளைஞர் பேசினார். அவருடைய வண்டி சிறியது என்பதால் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். புது வீடு, பெயின்ட் வாசனை போகவில்லை. கொதிகலன் கசிகிறது என்பதை என் கணவர் மறைக்காமல் சொன்னார். பரவாயில்லை, எலிமெண்ட்டை மாற்றிக்கொள்கிறேன் என்றார் அவர். கேரேஜ் சுவரில் மின்பெட்டி திறந்திருந்தது. விளக்குக்கு, அடுப்புக்கு, கேரேஜுக்கு என்று தனித்தனியாகச் சேஃப்டி ஸ்விட்ச்கள் வரிசையாக இருந்தன. அகல முள்ளுக்கான சாக்கெட்டும் இருந்தது. என் கணவர் அதன் முன்னால் நின்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டியிருந்த பெயரைப் படித்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்களேன், சேர்ந்து காய்ச்சலாம். எனக்கு முதல் தடவை, யாராவது தெரிஞ்சவங்க இருந்தா நல்லது," என்று அந்த இளைஞர் ஆங்கிலத்தில் சொன்னார். உண்மையாகவே கூப்பிட்டார். இவர் வருகிறேன் என்றார். ஞாயிறு வந்தது. நான் சட்டையை எடுத்து வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் இருட்டும் வரை எழவில்லை.

இடிக்கும் அனுமதி அங்கிளுக்குக் கிடைத்ததும் நாங்கள் சிட்னியிலேயே ஹோம்புஷில் ஒரு சிறிய ஃபிளாட்டுக்கு மாறினோம். மூன்றாவது மாடி, ரயில் சத்தம். அவருக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. கணினி வேலைக்கு விண்ணப்பிப்பதை அவர் விட்டுவிட்டார், நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அவருக்கு எப்போது ஷிப்ட், எனக்கு எப்போது ஷிப்ட் என்பதைப் பற்றித்தான் பேசிக்கொள்வோம்.

ஒரு நாள் அந்த இளைஞர் தொலைபேசியில் செய்தி விட்டிருந்தார். பியர் நன்றாக வந்திருக்கிறது, உங்களுக்கென்று இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். என் கணவர் நின்றபடியே அதை முழுக்கக் கேட்டார். "நல்லா வந்திருக்காம்," என்று என்னிடம் சொன்னார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, வேலைக்குப் போகக் காலணியை மாட்ட உட்கார்ந்தார்.